ஒரு பழைய ஜீப்பின் வரவு செலவு

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்னால் தெருவுக்கு வந்து நின்றால் சேவல் சத்தத்துக்கு முன்பே ஜீப் சத்தம்தான் கேட்கும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகள். போடி, தேவாரம், கம்பம் என்று மலையடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இதே காட்சிதான். வீடு தேனி மாவட்டத்தில், வேலை கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். நடுவில் மலை.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 'ஆசைக்கு' என்று ஒரு பழைய ஜீப் வாங்கினால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். மீன்பிடிக் குப்பத்தில் ஒருவர் ஆசைக்கு ஓட்டைப் படகு வாங்கியதைப் போலத்தான். அப்படிச் சிரிப்பு வாங்கிய ஒருவரின் கதை இது. வயது 28. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிற வேலை. 2023-ல் அவர் வாங்கியது 1988-ம் வருடத்து மஹிந்திரா எம்.எம். 540. விலை 1,80,000 ரூபாய்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1941-லிருந்து செய்து தள்ளிய ஜீப்தான் இதன் கொள்ளுத்தாத்தா. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் அந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்து மும்பையில் பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு சொந்தமாகவே செய்தது. எம்.எம். 540 அந்த வம்சத்தில் வந்தது. பிரெஞ்சுக்கார பேஷோ கம்பெனியின் வடிவமைப்பில் செய்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின், 62 குதிரைசக்தி. இன்றைக்குச் சின்ன காரே இதைவிட அதிக சக்தி தருகிறது. ஆனால் ஜீப்பின் பலம் இன்ஜினில் மட்டும் இல்லை, கியருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு குட்டிக் கம்பிகளில் இருக்கிறது. ஒன்று முன்சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுக்கும். இன்னொன்று 'லோ' கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது.

(ஒரு உபரித் தகவல். நான்கு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் போடக்கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் ஓடுகிற தூரமும் பின்சக்கரங்கள் ஓடுகிற தூரமும் வேறு வேறு. மண் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, உள்ளே இருக்கிற ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். இது தெரியாமல் 'போர் வீல்' போட்டு பஜாரில் கெத்து காட்டி, கிராஸ் உடைந்து நின்ற ஆட்கள் உண்டு :) )

நம்ம ஆள் செய்த முதல் தப்பு, தனியாகப் போய் வண்டி பார்த்தது. புரோக்கர் காட்டிய ஜீப் பளபளவென்று பச்சைப் பெயிண்டில் நின்றது. நேரம் சாயங்காலம், லேசான மழை வேறு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் மாவட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்துகிற ஜீப் கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டடம் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு மாந்தோப்பு, இரண்டு பெஞ்சு. லேத் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பி.டி. வாத்தியார் ஒருவர், லாரி மெக்கானிக் ஒருவர், ஒரு டாக்டர். எல்லோருக்கும் எல்லோரும் 'அண்ணே'தான்.

பட்டறைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பாடியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாலு இடத்தில் ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி. அடுத்து சுத்தியலை எடுத்து அடியில் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். 'டிங் டிங்' என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் 'டப்' என்றது. இன்னொரு தட்டு தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"தம்பி, பெயிண்ட வாங்கிட்டு வந்திருக்க. ஜீப்ப இனிமேத்தான் வாங்கணும்" என்றார்.

அன்றைக்கு அவர்கள் சொன்ன பாடத்தைப் பழைய ஜீப் வாங்க ஆசைப்படுகிற எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். புதுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியைச் சந்தேகப்படு. பகலில் போ, காய்ந்த வண்டியாகப் பார். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது நீயே ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் செய். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். இன்ஜின் கெட்டால் செய்துகொள்ளலாம், சேசிஸ் துருவையும் வெட்டி ஒட்டலாம். நம்பர் பொருந்தவில்லை என்றால் அது வண்டியே இல்லை, வழக்கு. நம்ம ஆளுக்கு அந்த அதிர்ஷ்டம் மட்டும் இருந்தது. நம்பர் சரியாக இருந்தது.

பெரிய டயர், புது இன்ஜின் என்று அவருக்கு இருந்த கனவுகளையும் டாக்டர் அங்கேயே கலைத்தார். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்ஜின் மாற்றவும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சரி, 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாமா என்றால் அதற்கும் 2021-ல் விதி வந்துவிட்டது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக்கூடாது. தாண்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். ஆனால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும்தான். 1988 ஜீப்புக்கு அந்த வயதே வரவில்லை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய வண்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டிய கார், ஜீப் வகைகளுக்கு அந்தக் கட்டணமே 10,000 ரூபாய்.

அடுத்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகள் மாந்தோப்பில்தான் கழிந்தன. கிளப் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தது வேறு. வருடத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத ஹப் நட் ஸ்பானரை எதற்குக் காசு போட்டு வாங்க வேண்டும்? வாத்தியார் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங் ஆட்டத்துக்குக் காரணமான கிங் பின் பேரிங்கைப் புதிதாக வாங்குவதா, இல்லை கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடுவதா? மெக்கானிக் அண்ணனுக்குத் தெரியும். (பதில்: பேரிங்கும் பிரேக் சாமானும் எப்போதும் புதுசு. கதவு, கண்ணாடிச் சட்டம், லிவர் எல்லாம் பழசு போதும்.) கிரீஸ் அடிக்க வேண்டிய நிப்பிள் ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார்கள். அடியில் ஆயில் சொட்டுகிறதே என்று பதறியபோது, "சொட்டலைன்னாத்தான் பயப்படணும் தம்பி, உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்று சிரித்தார்கள்.

கணக்கு எழுதுகிறவர் ஆயிற்றே, ஒரு நோட்டில் எல்லாம் இருக்கிறது. வண்டி 1,80,000. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் 9,000. சேசிஸ் வெல்டிங், டிங்கரிங் 38,000. பிரேக் 14,000. கிங் பின், ஸ்டீயரிங் 11,500. டயர் ஐந்து 27,500. வயரிங், பேட்டரி 12,000. சில்லறை 7,500. மொத்தம் 2,99,500. இன்றைக்கு விற்றால் இரண்டு லட்சம் கிடைத்தால் பெரிய விஷயம். காமர்ஸ் படித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொத்து என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஏன் வாங்கினார்? அதற்கு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மலைக்கு ஆள் ஏற்றிய ஜீப் டிரைவர். சொந்த ஜீப். 2004-ல் அதை விற்றார். மகனின் படிப்புச் செலவுக்காக விற்றது என்றுதான் வீட்டில் பேச்சு. அந்த ஒரு விஷயம் மகன் மனதில் கல்லாக இருந்தது. வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் அப்பாவுக்கு ஒரு ஜீப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் ஆசை. ஊர் சிரித்த 'ஆசை'யும் இதுதான்.

ஆனால் ஜீப் வாசலுக்கு வந்த நாளிலிருந்து அப்பா அதன் பக்கமே போகவில்லை. வாசலில் உட்காரும் நாற்காலியைக்கூடத் திருப்பிப் போட்டுக்கொண்டார். 'என்னப்பா பிடிக்கலையா' என்றால் 'ம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா, "விடுடா, அவருக்கு வயசாயிருச்சு" என்பார்.

எட்டு மாதம் கழித்து, கிளப்போடு முதல் மலைப் பயணத்துக்கு முந்தின ராத்திரி. மகன் பம்பரில் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். கதவில்லாத பக்கமாக ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். பிறகு ஒரே அழுத்தாக அழுத்திக் காலை எடுக்காமல் வைத்துக்கொண்டார். பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"காத்து இருக்கு. இல்லைன்னா எங்கயோ கசியுது. நாளைக்கு இத எடுக்காத" என்றார்.

"கிளப்ல பாத்துட்டாங்கப்பா."

"நான் சொல்றேன்டா, எடுக்காத."

அப்புறம் இறங்காமலே அதைச் சொன்னார். அந்தக் காலத்தில் மெட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டுவிடுவது டிரைவர்களுக்குப் பழக்கம். இறங்குகிற வண்டிக்கு எதற்கு டீசல்? 2004-ல் ஒருநாள் சாயங்காலம், பதினோரு பெண்களோடு அப்படி இறங்கினார். கியரில் இல்லாத வண்டியைப் பிடித்து நிறுத்த இன்ஜின் இல்லை, எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிமானம் இழக்கும். ஒரு வளைவில் மிதித்தார், வண்டி கேட்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்தில் மோதி நிறுத்தினார். பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. ஒருவருக்கு இடுப்பெலும்பு. அந்தப் பெண் பிறகு தோட்ட வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அந்தக் குடும்பத்துக்கும்தான் ஜீப் போனது. படிப்புக்கு இல்லை.

"ஒரு லிட்டர் மிச்சம் பிடிச்சிருப்பேன் அன்னிக்கு" என்றார். அவ்வளவுதான். இறங்கி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஜீப் மலைக்குப் போகவில்லை. பட்டறைக்காரப் பெரியவரும் மெக்கானிக்கும் வீட்டுக்கே வந்து சக்கரங்களைக் கழற்றினார்கள். பின்பக்கத்து வீல் சிலிண்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. புதிதாகப் போட்டதுதான், ரப்பர் சரியாக உட்காரவில்லை. "எங்க கண்ணுக்குத் தப்பிருச்சுண்ணே" என்று மெக்கானிக் அப்பாவிடம் சொன்னார். அப்பா டீ மட்டும் கொடுத்தார்.

அடுத்த மாதம் போனார்கள். இறக்கத்துக்கு முன்னால் கிளப்பில் எப்போதும் வண்டிகளை நிறுத்திப் பாடம் எடுப்பார்கள். "லோ-ல போடு, முதல் கியர். கிளட்ச் மேல கால் வேண்டாம். இன்ஜினே உன்னப் பிடிச்சு இறக்கும். பிரேக்க கடைசிக்குன்னு வச்சுக்க." நம்ம ஆள் தலையை மட்டும் ஆட்டினார். கிளப்புக்கு அது விதி. அவருக்கு அது வேறு.

அப்பா இன்றைக்கும் அந்த ஜீப்பில் ஏறி ஊர்வலம் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் வந்து பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தப் பெண் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஜீப்பைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் என்ன பேசுவது என்று மகனுக்கும் இன்னும் தெரியவில்லை.

கணக்கு நோட்டில் பிரேக் என்ற வரிக்கு எதிரே 14,000-ஐ அடித்துவிட்டு 14,650 என்று எழுதியிருக்கிறார். வீல் சிலிண்டர் ஒன்று, 650 ரூபாய்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களே, காந்தம் கொண்டு போங்கள், சுத்தியல் கொண்டு போங்கள், தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள். வாங்கியதும் பெயிண்டுக்கும் டயருக்கும் முன்னால் முதல் செலவைப் பிரேக்குக்குச் செய்யுங்கள். வீட்டில் பழைய டிரைவர் யாராவது இருந்தால், அவர் வந்து ஒருமுறை மிதித்துப் பார்க்கும் வரைக்கும் காத்திருங்கள்.