அழற்சியை எண்ணிப் பார்க்கும் அறை

நெஞ்சக நோய்ப் பிரிவின் நீண்ட வரிசையைக் கடந்து, கோடியில் ஜன்னல்கள் விரியத் திறந்திருந்த சிறிய அறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். மேசையில் நெபுலைசர், ஸ்பைரோமீட்டர், மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். நாற்காலியில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயான சி.ஓ.பி.டி. வந்துவிட்டது.

"சளி டெஸ்டுன்னா டி.பி.யா சார்?" என்று மிரட்சியோடு கேட்டார்.

"டி.பி. இல்லைன்னு பார்த்தாச்சும்மா. உங்க மூச்சுக்குழாய் எதனால வீங்கியிருக்குன்னு பார்க்கத்தான் இது" என்றார் டெக்னீஷியன்.

முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுத்தார்கள். பிறகு உப்புக் கரைசலை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்க வைத்தார்கள். வழக்கமாக இதற்கு 3 முதல் 5 சதவீதக் கரைசல்; மூச்சு மிகவும் குறைந்தவர்களுக்கு, நரம்பில் ஏற்றும் சலைனின் 0.9 சதவீதத்திலேயே தொடங்குகிறார்கள். இடையிடையே ஊதச் சொல்லி, முதல் விநாடியில் வெளிவரும் காற்றை அளக்கிறார்கள். அது 20 சதவீதம் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். "வாயைக் கொப்பளிச்சிட்டு, அடியிலேர்ந்து இருமித் துப்புங்கம்மா." டப்பாவில் விழுந்தது இளம்பச்சைச் சளி.

அடுத்த அறை லேப். சளி வந்த இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். தாமதித்தால் அணுக்கள் சிதைந்துவிடும். கண்ணாடித் தட்டில் கொட்டிய சளியிலிருந்து, எச்சிலை ஒதுக்கிவிட்டு, கெட்டியான திரளைகளை மட்டும் இடுக்கியால் பொறுக்கினார் லேப் பெண். கோழைப் பிணைப்பை உடைக்கும் டைதயோதிரைட்டால் கலந்து குலுக்கி, நைலான் வலையில் வடிகட்டி, சென்ட்ரிபியூஜில் சுழற்றினார். தெளிந்து மேலே நின்ற நீரைத் தனியே எடுத்து உறைபெட்டியில் வைத்தார். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களை அழைத்துவரும் இன்டர்லூகின்-8 போன்ற வேதிச் செய்திகளை அந்த நீரில்தான் அளக்கிறார்கள். இப்போதைக்கு அது ஆராய்ச்சிக்கு மட்டும். அடியில் தங்கிய அணுக்கள் ஸ்லைடுக்குப் போய்ச் சாயமேறின. பிறகு 400 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். அந்த அம்மாவின் ஸ்லைடில், உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்த நியூட்ரோபில்கள் நெருக்கியடித்தன. சளியின் பச்சை நிறம் அவற்றிலுள்ள மையலோபெராக்சிடேஸ் தருவது. அவை கக்கும் எலாஸ்டேஸ் காற்றறைச் சுவர்களையே அரித்துவிடும். பக்கத்து ஸ்லைடு ஓர் ஆஸ்துமாக்காரருடையது: இரட்டை மடல் உட்கருவும் ஆரஞ்சுச் சிவப்புத் துகள்களுமாக ஈசினோபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள். சளியின் அணுக்களில் இவை 3 சதவீதத்தை எட்டினாலே ஈசினோபில் அழற்சி என்று கொள்கிறார்கள்.

இருவருக்கும் அதே இளைப்பு, அதே இருமல். மருந்தில்தான் வேறுபாடு. "ஈசினோபில் இருந்தா ஸ்டீராய்டு நல்லா கேட்கும். நியூட்ரோபில் மட்டும்னா பெரும்பாலும் கேட்காது. சி.ஓ.பி.டி.க்காரங்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரால நிமோனியா ஆபத்தும் கூடுது" என்றார் மருத்துவர். 2002இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் லெஸ்டரில் ஆஸ்துமா நோயாளிகள் 74 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஓராண்டில் 109 கடும் திணறல்கள். சளியின் ஈசினோபிலைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு 35தான்.

சளி எடுக்க முடியாத இடத்தில் ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். சி.ஓ.பி.டி.யில் அடிக்கடி திணறல் வருபவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோபில் 300க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலரால் பலன் கிடைக்கும். 100க்குக் கீழே என்றால் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நம் ஊரில் குடற்புழுவும் யானைக்கால் புழுவும் ரத்த ஈசினோபிலை ஏற்றிவிடும். 1940இல் மதனப்பள்ளி சானடோரியத்தில் மருத்துவர்கள் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி, ரத்தத்தில் ஈசினோபில் எகிறிய நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். அதற்கு யானைக்கால் புழு காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. அதனால் மூச்சுக்குழாயில் நடப்பதைச் சளியிலேயே பார்ப்பதுதான் நேர்வழி.

இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை. டி.பி. கிருமி தேடும் மைக்ரோஸ்கோப்பே போதும். பழகிய கையும் ஒதுக்கிய நேரமும்தான் வேண்டும். குறைந்தது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்காவது அரசு இந்தப் பயிற்சியைக் கொண்டுபோக வேண்டும். வீசிங் வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை விடுங்கள். சளியின் நிறத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், "எனக்கு ஈசினோபில் எவ்வளவு?" என்று கேளுங்கள்.