ஆர்பாட்ஹோன் கிராமத்தில் ஒரு மாலை

லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில் நாங்கள் குடியேறிய மூன்றாம் ஆண்டு, என்னுடன் பணிபுரியும் பெண்மணி ஒருவர் தம் ஊர் அறுவடை நடன விழாவுக்கு எங்கள் குடும்பத்தை அழைத்தார். ஊரின் பெயர் ஆல்பனி. கிழக்கே காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. வழியெல்லாம் பைன் மரங்கள். இந்த நாட்டுப்புறத்தில் ஹங்கேரியர் எப்படி வந்தனர் என்று நான் வியந்தேன்.

1896இல் மரம் அறுக்கும் ஆலையில் வேலை தேடி வந்தவர்களே முதல் குடிகள். மரம் வெட்டப்பட்டு வெறுமையாகக் கிடந்த நிலத்தை அவர்கள் வாங்கி, ஸ்ட்ராபெரி பயிரிட்டனர். செய்தி கேட்டு, வேறு மாநிலங்களில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்துக்கொண்டிருந்த ஹங்கேரியரும் வந்து சேர்ந்தனர். குடியிருப்புக்கு ஆர்பாட்ஹோன் என்று பெயரிட்டனர். ஆர்பாடின் இல்லம் என்பது பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மக்களை இன்றைய ஹங்கேரி மண்ணுக்கு அழைத்து வந்த தலைவர் அவர். அந்த வருகையின் ஆயிரமாவது ஆண்டை ஹங்கேரி கொண்டாடியதும் அதே 1896இல்தான்.

விழா மண்டபத்தின் கூரையிலிருந்து திராட்சைக் கொத்துகள் தொங்கின. சிவப்பு மேலுடையும் வெண்ணிறப் பாவாடையும் அணிந்த சிறுமியரும், இளைஞரும் சார்டாஷ் என்னும் நடனத்தை ஆடினர். மெதுவாகத் தொடங்கி மூச்சு வாங்குமளவுக்கு வேகம் கூடும் ஆட்டம் அது. ஆட்டத்தின் நடுவே திராட்சையைத் திருட வேண்டும், பிடிபட்டால் அபராதம். என் மகள் இரண்டு முறை பிடிபட்டாள். மூன்றாம் முறை திருடியதை எனக்கே தரவில்லை. உணவு மேசையில் முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த இறைச்சி இருந்தது. பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும் என்று அழைத்தவரே முன்வந்து சொல்லி, வால்நட் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார். அந்த அக்கறையை நான் மறக்கவில்லை.

அவருடைய தாயார் எண்பதைக் கடந்தவர். அவரிடம் ஹங்கேரிய மொழியில் பேசுவீர்களா என்று கேட்டேன். சிறு வயதில் வீட்டில் வேறு மொழியே கேட்டதில்லையாம். ஆலயத்திலும் அம்மொழிதான். பள்ளியில் மட்டும் ஆங்கிலம். பின்னர்த் தம் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினாராம். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத செய்திகளைக் கணவரோடு பேசிக்கொள்ள ஹங்கேரிய மொழி வசதியாக இருந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, கணவர் இறந்தபின் அம்மொழியில் பேச ஆளில்லை என்றார்.

நடனத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். சமையல் இருக்கிறது. பழைய பள்ளிக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, படங்களையும் உடைகளையும் காத்து வருகிறார்கள். இவையெல்லாம் எளிய காரியங்கள் அல்ல. ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஒரு சிற்றூர் இவ்வளவு காத்திருப்பது பெரிது. ஆனால் மொழியைப் பிள்ளைகளுக்கு மறைவான அறையாக ஆக்கிவிட்டால், அதன் திறவுகோல் பெற்றோருடனேயே போய்விடுகிறது.

வீடு திரும்பும் வழியில் நானும் என் மனைவியும் அதிகம் பேசவில்லை. கடன், உடல்நலம், ஊர்ச் சண்டை எல்லாவற்றையும் நாங்களும் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். மகளிடம் திரும்பியவுடன் ஆங்கிலம் வந்துவிடுகிறது.

ஞாயிறுதோறும் கீழக்கரையிலிருந்து என் உம்மா தொலைபேசியில் அழைப்பார். பேத்தி ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழாக்குவேன். உம்மா சொல்வதை ஆங்கிலமாக்குவேன். அந்த ஞாயிறு, தேநீர் போடுவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். நெடுநேரம் ஓசையில்லை. பின்பு மகளின் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"வாப்பும்மா, நான்... திராட்சை... திருடினேன்."

மறுமுனையில் உம்மா பதறிப்போய், யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.