இரைச்சலில்லாக் கடல்

மட்டக்களப்பிலே கல்லடிப் பக்கத்திற் பிறந்தவர்கள் கடலைப் பார்ப்பதற்கென்று பயணம் போவதில்லை. மேற்கே வாவி, கிழக்கே வங்கக் கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம். அதிலேதான் எங்கள் வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம். இரவிலே பாயிற் படுத்தால் ஒரு காதிலே தென்னோலையின் சலசலப்பும் மறு காதிலே அலையின் இரைச்சலும் கேட்கும். பிற்காலத்தில் உத்தியோகத்தின் பொருட்டு மலைநாட்டில் இருந்தபோது, அந்த இரைச்சல் இல்லாமையால் முதல் மாதம் முழுவதும் எனக்கு நித்திரை வரவில்லை.

என் கடற்காதல் கரைவலையோடு தொடங்கியது. அதிகாலையில் தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரு தலைப்பையும் பிடித்துப் பெரியவர்கள் இழுக்கும்போது, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் எங்களுக்குக் கிடைத்த நேரமெல்லாம் நாங்களும் இழுப்போம். எங்கள் கைகளின் பலம் எவ்வளவென்பது சம்மாட்டியாருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வலை கரைசேர்ந்ததும் ஒரு பிடி சூடைமீனை எங்கள் பங்காகத் தரத் தவறமாட்டார். என்னைவிட நான்கு வயது மூத்த அக்காதான் அதைத் தம் பாவாடைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அலையிற் குதிப்பதிலும், அலைக்கடியிற் புகுந்து மறுபக்கம் எழுவதிலும் எங்கள் தெருவில் அவரை வென்றவர் இல்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி எங்கள் ஊரின் தென்னைகளையெல்லாம் முறித்துப் போட்டது. அன்றுகூடக் கடல்மீது எங்களுக்குக் கோபம் உண்டாகவில்லை, காற்றைத்தான் நொந்துகொண்டோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்தது வேறு. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுள் நீர் எங்கள் கரையில் ஏறிற்று. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அத்தானும் ஒருவர். அக்கா கடற்கரை வீட்டை விட்டு நகருக்குள் வந்து குடியேறினார். அதன்பின் இருபது ஆண்டுகளாக அவர் கடல் இருக்கும் திசைக்கே போனதில்லை. பார்ப்பதைவிட அதன் சத்தத்தைத்தான் தம்மால் தாங்க முடியாதென்று ஒருமுறை சொன்னார்.

சென்ற ஆண்டு ஆடிப் பூரணையன்று போயா விடுமுறை. கண்டியிலே வளரும் அக்காவின் பேத்தி வந்திருந்தாள். ஒன்பது வயதாகியும் கடலிற் கால் நனைக்காத பிள்ளை. அவளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிச் செல்ல மருமகளும் அவள் கணவரும் வான் ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். “அம்மம்மாவும் வரவேண்டும்” என்று குழந்தை பிடிவாதம் பிடித்தாள். அக்கா என்னைப் பார்த்தார். “அங்கே அலைச் சத்தம் இல்லை, அக்கா” என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடா ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலை, முருகன் கோயிலாற் பெயர்பெற்ற சித்தாண்டி, கிரான் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாழைச்சேனையை அடைந்து கிழக்கே திரும்பினாற் கடல். ரயிலில் வருவோருக்குக் கல்குடாவிலேயே ஒரு நிலையம் உண்டு. வழியிலே எருமைத்தயிர்ச் சட்டி ஒன்று வாங்கினோம். மட்டக்களப்பு வீதியிற் போகிறவன் தயிர் வாங்காமற் போவானாயின் அவன் வெளியூரான் என்று அறிந்துகொள்ளலாம்.

குடா என்பது கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்த இடம். இங்கே அருகருகாக இரண்டு குடாக்கள் உள்ளன. கல்குடா திறந்த கடலை நோக்கியது. அலையும் நீரோட்டமும் உடையது. பாசிக்குடாவோ பிறைபோல வளைந்து, வாயிலில் முருகைக்கற்பார் ஒன்றைக் காவலாகக் கொண்டது. ஆழ்கடலிலிருந்து வரும் அலை அந்தப் பாரிலே அடிதட்டி உடைந்து, தன் வலிமையின் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறது. கரைக்கு வந்து சேர்வது சிறு நெளிவு மாத்திரமே. நூற்றுக்கணக்கான அடி தூரம் நடந்து போனாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. வெண்மணலின் மேல் வெயில் விழும்போது அந்த நீர் முதலிற் பச்சையாகவும், அப்பால் நீலமாகவும், பாருக்கு வெளியே கருநீலமாகவும் தோன்றும். இந்த அமைதி ஆண்டு முழுவதும் இருப்பதன்று. வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் இதுவும் குமுறும். சித்திரை முதல் புரட்டாதி வரையே செல்லத் தக்க காலம். இரண்டு குடாவும் ஒன்றென்று எண்ணிப் பிள்ளைகளைக் கல்குடாவில் இறக்கிவிடலாகாது.

பார் காத்துவிடும் என்றால் 2004இல் ஏன் காக்கவில்லை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். காற்றினால் எழும் அலை கடலின் மேற்பரப்பைச் சார்ந்தது. ஆழிப்பேரலையிலோ மேல் முதல் அடிவரை நீர் முழுவதும் அசைகிறது. அதன் ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேலும் இருக்கலாம். நடுக்கடலிலே தோணியில் இருப்பவன் அதை உணரவும் மாட்டான். ஆழங்குறைந்த கரையை நெருங்கும்போதே அது உயர்கிறது. அவ்வளவு நீரை ஒரு முருகைக்கற்பார் எப்படித் தடுக்கும்? முதலிற் கடல் வற்றும், அதைக்கண்டு ஓடித் தப்பலாம் என்பதும் எங்கும் பொருந்தாது. தாய்லாந்துக் கரையில் முதலில் நீர் உள்வாங்கியது. நமது கிழக்குக் கரைக்கு முதலில் வந்ததே நீரின் எழுச்சிதான். யுத்தத்தாற் பாழடைந்திருந்த பாசிக்குடாவையும் அந்த நீர் விட்டுவைக்கவில்லை. இன்று வரிசையாகத் தோன்றும் ஹொட்டேல்கள் பெரும்பாலும் 2009இல் யுத்தம் முடிந்த பின் எழுந்தவை.

அவற்றுக்கு ஒரு புறமாக உள்ள பொதுக்கரையிலேதான் ஊர்ச்சனம் குளிக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பாய் விரித்துச் சோற்றுப்பொதி பிரித்திருந்தன. (பொதி சுற்றிய தாளையும் வெறும் போத்தலையும் மணலிலே விட்டுப் போகும் வழக்கத்தை நாம் என்றைக்கு விடுவோமோ!) எங்கள் பாயைக் கரையிலிருந்து தள்ளி மரநிழலில் விரித்தோம். அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பூரணை விரதமாகையால் மரக்கறிச் சோறு. வாழைக்காய்க் கறி, பருப்பு, கடைசியிலே தயிரும் சர்க்கரையும். உண்டபின் கச்சான் காற்றின் வெக்கையிலே எனக்குக் கண் அயர்ந்தது. ஒன்றும் செய்யாதிருப்பதற்குக் கடற்கரையைப்போல் வசதியான இடம் உலகில் இல்லை.

விழித்தபோது பாயில் அக்காவைக் காணவில்லை. எழுந்து பார்த்தேன். நீரோரத்தில் நின்றுகொண்டிருந்தார். பேத்தி அவர் விரலைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். கணைக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு, சேலை நனைந்தது. நான் அருகே போனதும், “தம்பி, கீழே பார், என் கால்விரல் தெரிகிறது” என்றார். உண்மையிலேயே அந்த நீர் அவ்வளவு தெளிவு. காலைச் சுற்றிச் சிறு மீன்கள் ஓடின. அவற்றின் பெயரைப் பிள்ளை கேட்டாள். அக்கா சொல்லிக்கொடுத்தார். பிறகு, உடம்பைத் தளர்த்தி மல்லாந்து மிதப்பது எப்படியென்று அவள் முதுகின்கீழ்க் கையைக் கொடுத்துக் காட்டத் தொடங்கினார். பேச்சிடையே அத்தானின் பெயரும் ஒருமுறை வந்தது; அவருக்கு நீந்தவே தெரியாது என்று சிரித்தார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

கிழக்குக் கரையிலே சூரியன் கடலில் மறைவதில்லை. நிலத்தின் பக்கம் பனைகளுக்குப் பின்னாற் போய்விடும். ஆனால் பூரணையன்று அந்தி மயங்கும் வேளையில் கடலிலிருந்து சந்திரன் எழும். அதைப் பார்க்கவென்று திரும்பும் வழியிற் கல்குடாப் பக்கம் வானை நிறுத்தினோம். முதலிற் செம்பைப்போல் மங்கிய சிவப்பு. மேலே வர வரப் பொன். பின்பு நீர்மேல் எங்கள் காலடி வரைக்கும் ஓர் ஒளிக்கோடு. மருமகளும் கணவரும் பிள்ளையோடு மணலுக்கு இறங்கிப் போனார்கள். அங்கே அலை உண்டு, பெரிய அலை. கல்லடியில் நாங்கள் கேட்டு வளர்ந்த அதே இரைச்சல். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனால் தம் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்திருந்தார்.