ஊருக்கு நல்லவன்

ரெட்டிபாளையத்தில் விடியும் முன்பே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடத் தொடங்கிவிடும். சிமென்ட் ஆலைக்குப் போகும் சாலையோரத்தில் புளிய இலைகள்கூட வெளுத்துக் கிடக்கின்றன. ஷிப்ட் முடிந்து வந்த நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பரோலில் ஊருக்கு வந்திருக்கும் ஒருவனைப் பற்றிப் பேச்சு.

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. பாவம், ஆளே எளைச்சுப் போயிட்டான்."

"உள்ள தங்கமா இருக்கானாம். ஒரு சண்டை, ஒரு வம்பு கிடையாதாம்."

"ஏதோ கோவத்துல நடந்துபோச்சு. அதுக்குன்னு ஆயுசு பூராவுமா?"

எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்கிறாள் ஒரு மூதாட்டி. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பேத்தி. பேச்சு சாலையைத் தாண்டிக் கேட்கிறது. கிழவி பெஞ்சைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்து, மரத்துக்குப் பின்பக்கமாக இரண்டடி தள்ளி நிறுத்துகிறாள். "ஏன் ஆயா?" என்று அது கேட்கிறது. அவள் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். முகத்தில் துடைக்க ஒன்றுமில்லை. பஸ் வந்து, இருவரும் ஏறிப் போகிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவை, தன் மனைவியைத்தான் அவன் கொன்றான். பெஞ்சில் இருந்த யாரும் செத்தவளின் பெயரைச் சொல்லவில்லை.

கடை பெஞ்சில் மட்டும் நடப்பதில்லை இது. டெல்லியில் 1995 ஜூலையில் நைனா சாஹ்னியைச் சுட்டுக் கொன்று, உடலைத் தந்தூரி அடுப்பில் எரிக்க முயன்றான் கணவன் சுசில் சர்மா. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவன் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று, இது உறவுக் கசப்பில் நடந்த கொலை, சமூகத்துக்கு எதிரான குற்றமல்ல என்பது. நைனாவின் குடும்பத்தார் யாரும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரவில்லை என்பதும் அவனுக்குச் சாதகமாகவே எண்ணப்பட்டது. 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவனை விடுவிக்க உத்தரவிட்டது. வீட்டுக்குள் செத்தவள் சமூகத்தில் சேர்த்தி இல்லையா? படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுக்கவில்லை.

திருந்தியவனுக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருந்தியதை எதை வைத்து அளக்கிறோம்? நன்னடத்தையை வைத்து. மனைவியைக் கொன்றவனிடம் அந்த அளவுகோல் செல்லாது. அவன் வெளியில் இருந்தபோதும் நல்லவன்தான். மேஸ்திரிக்குப் பணிந்தவன், திருவிழாவுக்கு வரி கொடுத்தவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவன். கதவைச் சாத்தியபின் ஒருத்தியிடம் மட்டும்தான் அவன் வேறு ஆள். சிறையில் அதிகாரி இருக்கிறார், காவலர் இருக்கிறார், மனைவி இல்லை. அங்கே அவன் ஒழுங்காக இருந்தான் என்ற சான்று, அவன் எப்போதும் யாரிடம் ஒழுங்காக இருந்தானோ அவர்களிடமே இருந்தான் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஆயுள் தண்டனை என்றால் இறுதி மூச்சு வரை என்று 1980-ல் மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆளுநருக்கு மன்னிப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 161-ஆம் பிரிவு வழியே போனால் அதுவும் தடையில்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018-ல் வந்த தமிழக அரசாணை பத்தாண்டு முடித்தவர்களைக் கணக்கில் எடுத்தது. 2021-ல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலை அறிவிக்கப்பட்டது. மனைவியை வெட்டியவனுக்கும் பங்காளியை வெட்டியவனுக்கும் தாளில் இருப்பது அதே கொலைப் பிரிவுதான். தண்டனைக் குறைப்பு மனு வந்தால், தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. செத்தவளின் தாயைக் கேட்டாக வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

வேறு வழியையும் இதே நாடு கண்டிருக்கிறது. பெங்களூரில் 1991-ல் ஷாகிரா கலீலி உயிரோடு புதைக்கப்பட்டார். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி அவர். அம்மா எங்கே என்று மகள் விடாமல் கேட்டதால்தான் மூன்றாண்டு கழித்து வீட்டு வளாகத்தில் எலும்புகள் கிடைத்தன. கணவன் சிரத்தானந்தாவின் தூக்கை 2008-ல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்பே இல்லாமல் சாகும்வரை சிறை என்றது. கொல்லவும் இல்லை, வெளியே விடவும் இல்லை. வெளிநாட்டிலும் உண்டு: பிரிட்டனில் ஜோனா சிம்சனை 2010-ல் அடித்துக் கொன்ற கணவன் பாதித் தண்டனையோடு வெளிவரவிருந்தான். ஜோனாவின் தாயும் தோழிகளும் போராடினார்கள். 2023-ல் நீதித் துறை அமைச்சர் அதைத் தடுத்து நிறுத்தினார்.

அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: தலைவர்களின் பிறந்தநாள் விடுதலைப் பட்டியலில் மனைவியைக் கொன்றவர்களைச் சேர்க்காதீர்கள். பரோல் கொடுப்பதானாலும், அந்தப் பிள்ளை வளரும் ஊருக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கோப்பிலும் கையெழுத்திடுமுன் அந்தக் கிழவியை வரவழைத்து, உட்கார வைத்து, அவள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.