பதினோரு எட்டு

ஆட்டம் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. நடுவர் மைதானத்தின் நடுப்புள்ளியில் குதிகாலை ஊன்றி, வாய்க்குள் எண்ணியபடி நடந்தார். சுண்ணாம்பு வட்டத்தை மிதித்ததும் நின்று சிரித்தார்.

“பத்தரைதான் வருது. எனக்குப் பதினொண்ணு வரணும். கயிறு புடிச்சவன் எங்கியோ சுருக்கிட்டான்.”

நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், அதாவது பழைய பத்து கஜம். ஃப்ரீ கிக் அடிக்கும்போது எதிரணி பந்திலிருந்து விலகி நிற்கவேண்டிய தூரமும் அதேதான். பெரம்பூரில் ரயில்வே வேலை பார்க்கும் இவர், டேப் வைத்து அளந்த ஒரு ஸ்டேடியத்தில் தன் எட்டைப் பழக்கி வைத்திருக்கிறார். கோடு தப்பினாலும் கால் தப்பாது என்பது அவர் கட்சி. முழங்கால் வலிக்கிற அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

முதல் பாதியிலேயே பெனால்ட்டி பாக்ஸுக்கு வெளியே ஃபவுல். “சார், டென் சார், டென்!” என்று கத்தல். நடுவர் விசிலை உயர்த்திக் காட்டினார். இனி அது ஊதப்பட்டால்தான் பந்தை அடிக்கலாம். பதினோரு எட்டு எண்ணுவார் என்று பார்த்தால், எண்ணவே இல்லை. பந்தையும் தடுப்பு வரிசையையும் ஒருசேரப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றார். பையன்கள் முனகிக்கொண்டே பின்வாங்கினார்கள்.

“பந்துக்கு முதுகு காட்டினா பந்து நடக்கும். வாலுக்கு முதுகு காட்டினா வால் நடக்கும்” என்றார் பிறகு. தடுப்பு வரிசைக்கான ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னார். ஆனால் அந்த வரிசையின் கடைசிப் பையன் ஆடிய ஆட்டத்துக்குத் தமிழ் வால்தான் பொருத்தம்.

பிரேசில்காரரான ஹெய்னே அல்லெமான் உருவாக்கிய, தடுப்பு நிற்கவேண்டிய கோட்டைக் காட்டிச் சற்று நேரத்தில் மறையும் ஸ்பிரே 2014 உலகக்கோப்பையில் உலகத்துக்கே அறிமுகமானது. இங்கே அது கிடையாது. பூட்டின் குதியால் மண்ணில் ஒரு கீறல், அவ்வளவுதான். 2019-இல் நடுவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: தடுப்பில் மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால், அடிக்கும் அணிக்காரர் யாரும் அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்கக்கூடாது. இடித்துத் தள்ளி ஓட்டை போடும் கலை அதோடு போயிற்று. கடைசிப் பையன் இரண்டு முறை முன்னால் ஊர்ந்தான். முதல் முறை, “தம்பி, உன்னைத்தான் பாக்கறேன்.” இரண்டாம் முறை மஞ்சள் அட்டை.

இடைவேளையில் மோர் குடித்துக்கொண்டே 2023 மார்ச் 3 பற்றிக் கேட்டேன். பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். பிளே ஆஃப், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோதே எதிரணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் போட்டார். கோல் செல்லும் என்றார் அந்த ஆட்டத்தின் நடுவர். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. அன்று டிவி முன்னால் கேரளாவுக்காகக் கத்தியவன் நான்.

“பத்து கஜம் யாருக்கு? அடிக்கிறவனுக்கு. தப்பு பண்ணவன் வரிசை கட்டறதுக்கு டைம் குடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு? எனக்கு வேணாம்னு அவன் அடிச்சிட்டா, நான் யாரு தடுக்க?”

சரிதான். ஆனாலும் நடுவர் பக்கத்திலேயே வந்து நின்றபின், விசில் வரும் என்று தடுப்பவர்கள் நம்புவதில் என்ன குற்றம்? அவர் கொஞ்சம் யோசித்தார். “அதான் விசிலைத் தூக்கிக் காட்டறது. காட்டலைன்னா கண்ணைத் திறந்து வெச்சிக்கணும்.” எனக்கு முழுச் சமாதானம் இல்லை.

இரண்டாம் பாதியில் அதுவே கண்ணெதிரே நடந்தது. அவசரமாக அடித்த பந்து, ஐந்தாறு மீட்டரில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவன் காலில் பட்டுத் தெறித்தது. கூட்டம் ஊளையிட்டது, நடுவர் ஆடு என்று கைகாட்டினார். அவசரப்பட்டது அடித்தவனின் சொந்த முடிவு. காலில் பந்து பட்டவன் வேண்டுமென்றே குறுக்கே நின்று அடிக்கவிடாமல் செய்திருந்தால் மஞ்சள் அட்டை. அந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்க அவருக்குக் கிடைத்தது அரை நொடி.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் கேப்டன் வந்தான். “சார், அந்த முதல் ஃப்ரீ கிக், பன்னெண்டு கஜம் தள்ளி நிறுத்திட்டீங்க சார்.”

“வா, நடந்து பாப்போம்.”

இருவரும் போனார்கள். மண் கீறல் எப்போதோ மிதிபட்டு அழிந்திருந்தது. பந்து இருந்த இடம் எது என்பதில் முதலில் தகராறு தொடங்கியது.