ஓச்சனோமிஸு: ஆசிரியர்களுக்காக ஒரு மருத்துவமனை

டோக்கியோவின் ஓச்சனோமிஸு ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் கல்லூரிக்குப் போவார்கள், கிட்டார் வாங்கப் போவார்கள், இல்லையென்றால் டாக்டரைப் பார்க்கப் போவார்கள். வெளியே வந்ததுமே வரிசையாக இசைக்கருவிக் கடைகள். சுற்றிலும் பெரிய பெரிய மருத்துவமனைகள். ஊர்ப் பெயருக்கு 'தேநீருக்கான தண்ணீர்' என்று பொருள். இங்கிருந்த ஊற்றுநீரில்தான் ஒரு காலத்தில் ஷோகனுக்குத் தேநீர் போட்டார்களாம்.

நிலையத்தை ஒட்டி, காண்டா ஆற்றின் மேல் ஹிஜிரி பாலம். 1927-ல் கட்டியது. அதன் நடுவில் எப்போதும் யாராவது செல்போனோடு காத்திருப்பார்கள். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என மூன்று தடங்களின் ரயில்களும் கீழே ஒன்றாக வரும் நொடியைப் பிடிக்கத்தான்.

வடகரையில் மரங்களுக்கு நடுவே யுஷிமா செய்தோ. கன்ஃபூசியஸின் கோயில். 1690-ல் இந்த இடத்துக்கு வந்தது. 1923 பூகம்பத்தில் எரிந்துபோக, 1935-ல் கறுப்பு மண்டபமாக மறுபடி எழுந்தது. தேர்வு நேரத்தில் மாணவர்கள் மரப்பலகையில் வேண்டுதலை எழுதிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். இந்தக் கோயிலைச் சேர்ந்த பழைய கல்விக்கூட வளாகத்தில்தான், 1872-ல் ஜப்பானின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

தென்கரைக்கு வந்து சில நிமிடங்கள் நடந்தால் சன்ராக்கு மருத்துவமனை. டோக்கியோ ஆசிரியர்களின் நலச்சங்கம் நடத்துவது. இப்போது யார் வேண்டுமானாலும் வரலாம். 'சன்ராக்கு' என்றால் மூன்று இன்பங்கள். சீன ஞானி மென்சியஸ் சொன்ன மூன்றில் கடைசி இன்பம், நல்ல மாணவர்கள் கிடைத்து அவர்களுக்குக் கற்பிப்பது. அந்தப் பெயர் வைத்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் கற்பிக்க முடியாமல் போன ஆசிரியர்கள் வருகிறார்கள்.

2023 கல்வியாண்டில் மனநலக் காரணங்களால் நீண்ட விடுப்பில் போன ஜப்பான் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 7,119 பேர். ஏழாயிரத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை.

பாடம் நடத்துவதா அவர்களை இப்படி ஆக்கியது? 2018-ல் பல நாடுகளில் எடுத்த ஆய்வின்படி ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதிகம். அதில் பாடம் நடத்துவது வெறும் 18 மணி நேரம்! மற்றதெல்லாம் பேஸ்பால் பயிற்சி, அறிக்கைகள், கூட்டங்கள், பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் என்று போய்விடுகிறது.

மனம் சோர்ந்துபோவது வகுப்பில் சின்ன விஷயங்களில்தான் முதலில் தெரியும். நோட்டு திருத்துவது தள்ளிப்போகும். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போகும் குறும்புக்கு எரிந்துவிழுவார். சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளில் யாரிடம் முதலில் பேசுவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பார். தனக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பள்ளியிலேயே உட்காருவார். தூக்கம் குறையும், மறுநாள் வகுப்பு இன்னும் மோசமாகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அக்கறையின்மையாகத் தெரியும். அவர் விடுப்பில் போனால், மாற்று ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில் அந்த வேலை பக்கத்து மேசைக்காரரின் தலையில் விழுகிறது. அடுத்து அவர்!

இத்தனைக்கும் ஓவர்டைம் சம்பளம் கிடையாது. மாதத்துக்குச் சுமார் 8 மணி நேரமே கூடுதல் வேலை என்ற 1966-ம் ஆண்டுக் கணக்கை வைத்து, 1971-ல் ஒரு சட்டம் போட்டு 4 சதவிகிதம் கூட்டிக்கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் அதுதான் நீடித்தது. 2025-ல்தான் படிப்படியாக 10 சதவிகிதமாக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் கூடலாம், நேரம் கூடுமா என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

குணமாகி வருபவர்களை ஒரே நாளில் வகுப்புக்குள் தள்ளிவிடுவதில்லை. விடுப்பு முடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்குகிறது. முதலில் காலையில் குறித்த நேரத்துக்குப் பள்ளிக்கு வந்துவிட்டுத் திரும்பினால் போதும். அடுத்து, ஆசிரியர் அறையில் சில மணி நேரம். பிறகு இன்னொருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது. அதெல்லாம் பழகிய பிறகுதான், சக ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரே ஒரு பாடம்.