புளியமரத்தடியில் பெய்த மழை

ஐப்பசித் திங்களின் ஒரு பிற்பகல். ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் சாலையில் நாம் நடந்து கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரப் புளியமரம் ஒன்றன் கீழ் ஒதுங்கினோம். சுற்றிலும் மழை பெய்தும், முதற்சில நிமிடங்கள் நம்மீது ஒரு துளியும் விழவில்லை. பின்னரோ, மழை ஓய்ந்து வெயில் முகங்காட்டிய பிறகும் மரத்தடியில் சொட்டுதல் நிற்கவில்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நம் முன்னோர் சொன்னது நினைவுக்கு வந்தது.

மரத்தை அடையும் மழைநீர் மூன்று கூறாகப் பிரிகிறது. ஒரு கூறு இலைகளையும் கிளைகளையும் நனைத்து, ஆவியாகி மீண்டும் வானுக்கே செல்கிறது. சிறு தூறலாயின் பெரும்பகுதி இவ்வாறே போய்விடும். மற்றொரு கூறு இலைகளினூடே சொட்டி நிலம் சேர்கிறது. மூன்றாவது, கிளைவழி இறங்கி அடிமரத்தில் வழிந்து வேரடியை நனைக்கிறது. பெரும்பாலும் இது நூற்றுக்குச் சில பங்கே. வழவழப்பான பட்டையில் இது மிகும். வேம்பு, புளி போன்ற சொரசொரப்பான பட்டையில் குறையும்.

ஒரே மரத்தடியிலும் ஈரிடங்கள் ஒத்திருப்பதில்லை. கிளை வளைந்து தாழும் இடத்தில், திறந்த வெளியைவிட மிகுதியாக நீர் விழுதலும் உண்டு. அதனாலேயே காட்டு மழையை அளப்போர் ஒரு மானியோடு நில்லாது, பல மானிகளை ஆங்காங்கே வைக்கின்றனர். நீரின் தன்மையும் மாறுகிறது. இலைமேற் படிந்த தூசியைக் கழுவி, இலையிலிருந்து பொட்டாசியம் முதலிய சத்துகளையும் ஏந்தி வந்து, அது வேருக்கே உணவாகிறது.

நாம் நின்ற இடத்திற்குத் தொலைவில் இல்லாத செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொண்டோம். 2015 டிசம்பர் முதல் நாளன்று அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் புறநகரிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையிலோ அதே ஏரி வறண்டது. அவ்வாண்டு ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிய இரயில், ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கம் சேர்ந்தது. வெள்ளத்தில் தவித்த ஊர், நான்கு ஆண்டுகள் நிறையுமுன் குடத்தோடு நின்றது!

மரம் இருந்தால் வெள்ளமே வராது என்று நாம் சொல்லவில்லை. பெருமழையில் இலைகள் விரைவில் நனைந்து நிறைந்துவிடும். அதன்பின் விழும் நீரெல்லாம் கீழேதான் வரும். ஆயினும் மரத்தடி மண் அதனை உறிஞ்சிக்கொள்ள இயலும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இலைநுனியில் திரளும் துளி மழைத்துளியினும் பெரியது. உயரத்திலிருந்து விழுந்தால் வெறுமண்ணைக் குத்திக் கலைக்கும். அதனைத் தாங்குவது உதிர்ந்த சருகே. நாமோ சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, மரத்தைச் சுற்றிச் சிமெண்டும் பூசிவிடுகிறோம்.

இம்மழைக்காலத்தில் இல்லத்திலோ ஆலய வளாகத்திலோ உள்ள மரத்தடியில் பிள்ளைகள் ஒரே அளவுள்ள ஐந்து டப்பாக்களையும், வெளியில் ஒன்றையும் வைத்துப் பார்க்கட்டும். மழை நின்றதும் அளக்கட்டும். ஆறும் ஒத்திருக்கமாட்டா. ஏன் என்று அவர்கள் வினவும்போது, பெரியோர் அந்தச் சிமெண்டை ஒரு முறை குனிந்து பார்த்தல் நலம்.